கித்தா கம்பெனிக்காரி பார்த்த கிட்டார்

ஐம்பத்தோரு வயதில் ஒருத்திக்குத் தலைகால் புரியாமல் போகலாமா? எனக்குப் போனது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, பழைய கிட்டார் ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக, இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். சுங்கை சிப்புட் ஊரை நெருங்கும்போதுதான் என் வீட்டுக்காரர் கவனித்தார். திரும்பிப் போகலாமா என்று கேட்டார். நேரமாகிவிடும், பேசாமல் ஓட்டுங்கள் என்றேன்.

ஆசை திடீரென்று வந்ததல்ல. ஈப்போ புந்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வேலைப் பயிற்சிக்கு வெளியூர் போனபோது தன் கிட்டாரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். கைப்பேசியில் பார்த்துப் பார்த்து மூன்று மாதத்தில் மூன்று கோர்டு, அதாவது சுரக்கூட்டு, கற்றுக்கொண்டேன். மாதத்துக்கு ஒன்று. அவள் வந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றார் வீட்டுக்காரர். பழைய மரத்தில்தான் நாதம் என்று எங்கோ கேட்டதை வைத்துக்கொண்டு நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

இணையத்தில் படம் போட்டிருந்தவர் எழுபதைத் தாண்டியவர். முன்பு தோட்டத்தில் லாரி ஓட்டியவர். போனில் கறாராகப் பேசினார். ஏற்கெனவே காப்பிக்கடைக்காரர்கள் இரண்டு பேர் ஈப்போவிலிருந்து வந்தார்களாம், சுவரில் அழகுக்கு மாட்டிவைக்க. வந்த வழியே அனுப்பிவிட்டாராம். வாசிக்கிறவர்களுக்குத்தான் கொடுப்பேன் என்றார். பிறகு நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். ஜெலாப்பாங்கில் கித்தா கம்பெனியில் கியூசி என்றேன். ரப்பருக்கு எங்களுக்குக் கித்தா என்றுதான் பெயர். ரப்பர் கையுறைகளில் காற்றை அடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை பார்ப்பது என் வேலை. அவர் குரல் சட்டென்று இளகியது. நாளைக்கே வந்துருங்கலா என்றார். கையுறைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை அவர் வீட்டு வாசலில் கழன்று விழுந்தது. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. முன்பு முழுக்கக் கித்தா மரமாக இருந்த இடம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவிடம் அவர் சத்தமாகச் சொன்னார்:

"கிட்டார் கம்பெனிலேர்ந்து வந்திருக்காங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்புகளைப் பார்த்தேன். அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் கிட்டார் கூடத்தில் பாய்மேல் வந்து படுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் திருத்த நினைத்தது மறந்து, பாய் ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

முகப்புப் பலகை ஒரு காலத்தில் வெள்ளை மரமாக இருந்திருக்கும். இப்போது பால் விடாத தேநீரின் நிறம். நடுத்துளையைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய வளையங்கள், ஒன்றுகூடப் பெயரவில்லை. துளைக்குக் கீழே கீறிக் கீறி ஓர் உள்ளங்கை அளவுக்கு வார்னிஷ் போயிருந்தது. கழுத்தின் முதல் மூன்று கட்டங்களில் விரல் தேய்த்த பள்ளங்கள். அதற்கு மேலே புதுசு மாதிரி. இவரும் என்னைப் போல மூன்று கோர்டு ஆசாமிதான் என்று எனக்குள் ஒரு குதூகலம். கம்பி முறுக்கும் ஆறு திருகுகளில் ஒன்றுக்குத் தலை இல்லை, அதற்குப் பதில் ஏதோ மோட்டார் சைக்கிள் நட்டு. முதுகில் முடி அளவு விரிசல். கம்பிகளைத் தாங்கும் கட்டையின் பின்விளிம்பு லேசாகத் தூக்கியிருந்தது, ஒரு தாள் நுழையும்.

சொல்லுங்க என்கிற மாதிரி அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கைக்குப் பழகிய வேலையைத்தானே கை செய்யும். தட்டினேன், தடவினேன், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். கடைசியில் பழக்கதோஷத்தில் துளைக்குள் ஊதியும் விட்டேன். பல வருஷத்துத் தூசி என் மூஞ்சியில் வந்து அடித்தது. வீட்டுக்காரர் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

தும்மி முடித்துவிட்டுக் கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தேன். முகப்புப் பலகையின் உள்பக்கத்தில் ஒரு குச்சிச் சட்டம். அதன் ஓரம் முழுக்கப் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. விரலை விட்டுத் தொட்டு, மோந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வாடை.

"அண்ணே, இது ஒட்டுப்பால், காய்ஞ்ச கித்தாப் பால்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பார்த்தவர்கள் எல்லாம் பூஞ்சை என்றார்களாம், மட்டமான பசை என்றார்களாம். ரிப்பேர்காரர் ஒருவர் சுரண்டி எடுத்தால்தான் நல்ல விலை போகும் என்றாராம். அந்தச் சட்டம் விட்டுப்போய்க் கிட்டார் கரகரவென்று அதிர ஆரம்பித்த காலத்தில் இவர் கோபித்துக்கொண்டு அதை மூலையில் போட்டுவிட்டார். கித்தா மரத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி ஒருநாள் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் கொஞ்சம் பாலை மிச்சம் பிடித்துக்கொண்டு வந்து, துளை வழியாக ஊற்றி, உள்ளே கையை விட்டுச் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். அந்த அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளைகளிடம் போகப் போகிறேன், அங்கே இதை வைக்க இடம் இல்லை என்றார்.

"நீங்க கம்பெனிக்காரங்க. சொல்லுங்க, அதை எடுத்துரணுமா?"

அதுவரை விளையாட்டாக இருந்தது. இப்போது என் வாயிலிருந்து வருவதை அவர் அப்படியே நம்பப் போகிறார். கிட்டார் கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நான் கிட்டார் கம்பெனி இல்ல. கித்தா கம்பெனி. கையுறை. எனக்கு மூணு கோர்டுதான் தெரியும்."

அவர் தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வேலிப்பக்கத்து அக்கா என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தார்.

"அப்ப சரியான ஆளுதான். கித்தாவப் பத்திச் சொல்லு, தங்கச்சி. உங்க அண்ணி போட்ட ஒட்டு எப்படி இருக்கு?"

நான் மறுபடி விரலை விட்டுச் சட்டத்தை நெட்டிப் பார்த்தேன். அசையவில்லை. வேலையில் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன்.

"ஒட்டு பாஸ் ஆயிருச்சுண்ணே. யாரையும் தொடவிடாதீங்க."

வாசி என்றார். துருப்பிடித்த கம்பிகளில் என் மூன்று கோர்டையும் வாசித்தேன், இரண்டாவதைத் தப்பாக. அவர் பாட்டைக் கேட்கவில்லை. கரகரப்பு வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வரவில்லை.

"அவ இன்னும் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார்.

வீடு திரும்பும்போது அவர் கொடுத்த கிட்டாரை நான் மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் தனியாக உட்கார்ந்து ஓட்டிய வீட்டுக்காரர், தன்னை டிரைவராக்கிவிட்டதாக, வீட்டை நெருங்கிச் சிலிபின் வரும் வரைக்கும் முணுமுணுத்தார். அவருக்கும் மூன்று கோர்டிலேயே பதில் சொன்னேன்.