பொட்டு வைத்த போர்டு

சால்டரிங் புகையும் அரைத்த சந்தனமும் ஒரே அறையில் கலந்தால் ஒரு வாசனை வரும்... கண்ணை மூடினால் இப்போதும் அது எனக்கு வருகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்து ஷெட்டில் நாள் முழுக்க பிரஸ் இடிக்கும் சத்தம். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை. ஆவடி சேக்காட்டிலிருந்து டிரெயினில் வருவேன்.

அடுத்தவர் செய்த போர்டுகளை டெஸ்ட் பண்ணி சீட்டு ஒட்டுவதுதான் என் வேலை. கெஞ்சிக் கேட்டு, முதல் முறையாக ஒரு புரோகிராம் எழுதும் வேலையை வாங்கினேன். நசரத்பேட்டையில் ஒரு பிஸ்கட் பேக்கிங் ஷெட்டுக்கு. பச்சை பட்டனை அழுத்தினால் கன்வேயர் ஓட வேண்டும், சிவப்பை அழுத்தினால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

"இது சரியா வந்தா இனிமே நீ புரோகிராம் சைடு. வரலைன்னா பழையபடி டெஸ்டிங்தாம்மா" என்றார் முதலாளி.

மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இன்புட் பின் என்பது காது, அவுட்புட் பின் என்பது கை. பட்டனைத் தொடாதவரை அந்தக் காதில் ஐந்து வோல்ட் நிற்கும். அழுத்தினால் பூஜ்யத்துக்கு இறங்கும். இறங்கியது தெரிந்ததும் அவுட்புட் பின் ரிலே என்கிற சுவிட்சை இழுக்கும். டக்... மோட்டார் ஓடும்.

நான் எழுதியதற்கு ஒரு மோட்டார் கட்டுப்பட்டு ஓடியதை முதல் முறை பார்த்தபோது, திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். எனக்கு மட்டும் சிலிர்த்தது.

ஆயுத பூஜை வந்தது. டிரில்லிங் மெஷினிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. என் போர்டுக்கும் முதலாளியே தன் கையால் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பெண் என்பது எல்லோருக்கும் தெரியும். பொரி பொட்டலம் முதலில் என் கைக்குத்தான் வந்தது.

லீவு முடிந்து வந்தால் நல்ல மழை. போர்டை ஆன் பண்ணினேன். யாரும் பட்டனைத் தொடவில்லை... டக். மோட்டார் தானாக ஓடியது.

மத்தியானம் தானாகவே சரியாகிவிட்டது. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

சீனியர் லோகு அண்ணன் டீ டம்ளரோடு வந்து நின்றார். "இன்னாம்மா ஸ்டெல்லா, உன் புரோகிராமு மத்தியானத்துக்கு மேலதான் தெளியும் போல கீதே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிஸ்கட் கம்பெனிக்காரர் டெமோ பார்க்க வருவது மறுநாள் காலை. "இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பாரு. இல்லைன்னா லோகு எடுத்துக்கட்டும்" என்றார் முதலாளி.

புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். தப்பு இல்லை. பட்டன் ஒயரையே கழற்றிப் பார்த்தேன், அப்போதும் மோட்டார் ஓடியது. மத்தியானம், வெயில் வந்துவிட்டது, போர்டு சமர்த்தாக இருந்தது. எந்தப் பின் என்று பார்க்கலாமென்று போர்டை மூக்குக்குக் கிட்டே கொண்டு போனேன். நம்பர் குங்குமத்துக்கு அடியில் இருந்தது. இன்னும் குனிந்தேன்.

டக்.

நிமிர்ந்து, மீட்டர் முனையை அந்தப் பின்னில் வைத்தேன். கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அப்படி 'ஹா' என்று ஊதினேன். மீட்டரில் ஐந்து வோல்ட் சரசரவென்று இறங்கியது... மறுபடியும் டக்.

பொட்டு, இன்புட் பின்னையும் பக்கத்தில் பூஜ்ய வோல்ட்டில் இருந்த கிரவுண்ட் பின்னையும் சேர்த்து உட்கார்ந்திருந்தது. காய்ந்தால் பேசாமல் இருக்கும். மழை ஈரம் பட்டால் அது வழியாகக் கரண்ட் கசியும். பட்டனை அழுத்திவிட்டார்கள் என்று போர்டு நினைத்துக்கொள்ளும்.

தின்னர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எப்படித் துடைப்பது? அவர் பக்தியோடு வைத்த பொட்டு. அதை நான் அழித்தேன் என்று பேச்சு வந்தால்? பேசாமல் துடைத்துவிட்டால் புரோகிராமில்தான் தப்பு இருந்தது என்றாகிவிடும்.

முதலாளியைக் கூப்பிட்டேன். "சார், பொட்டு மேல கொஞ்சம் ஊதுங்க."

"என்னது?"

"ஊதுங்க சார். வாயைத் திறந்து, மெதுவா."

ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குனிந்து ஊதினார். டக். இன்னொரு தடவை ஊதினார். டக். மீட்டரைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"துடைக்க வேண்டியதுதானேம்மா?"

"நீங்க வெச்சது சார்..."

பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து, தின்னரில் நனைத்து, பின் பின்னாக அவரே துடைத்தார். பிறகு நான் ஊதினேன், அவர் ஊதினார், லோகு அண்ணனும் வந்து ஊதினார். மீட்டர் ஐந்திலிருந்து அசையவில்லை.

"இனிமே ஸ்டெல்லா பக்கத்துல யாரும் மூச்சு வுடாதீங்கப்பா" என்றார் லோகு அண்ணன். இந்த முறை நானும் மனசாரச் சிரித்தேன்.

மறுநாள் காலை கொட்டுகிற மழையில் டெமோ. பச்சை பட்டனை அழுத்தும்வரை மோட்டார் அமைதியாகக் காத்திருந்தது.

இப்போது நூம்பலில் ஃபிளாட். அதே வேலைதான், பெரிய கம்பெனி, எனக்குக் கீழே ஒரு டீம். போர்டு ஆர்டர் போட்ட மறுநாளே வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. எங்கள் லேபில் ஏசி ஓடுகிறது, ஈரம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆயுத பூஜைக்கு மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுகிறார்கள். கசிவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

எத்தனையோ பேர் கை தட்டியிருக்கிறார்கள், கேடயங்கள் வாங்கியிருக்கிறேன். ஆனால் பெருமை என்று யோசித்தால் எனக்கு நினைவு வருவது அந்த டெமோவுக்கு அடுத்த வருஷத்து ஆயுத பூஜை. நான் புரோகிராம் சைடில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். என் மேஜையில் மட்டும் விரலில் சந்தனத்தோடு அப்படியே நின்றார்.

"எங்க வைக்கட்டும், நீயே சொல்லும்மா."