காவல் நரியின் புதிய வரி

யுகேஷுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றாலே பயம். அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் வந்து, மாநகர சபையில் கடிதங்களைப் பதிந்துவிட்டு, தலை நிமிராமல் வீடு திரும்புகிற எழுதுவினைஞன். ஆனால் சனிக்கிழமைகளில், கண்டி டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் நடக்கும் கார்ட் விளையாட்டுக்கு அவன்தான் நடுவர். ஒவ்வொரு கார்ட்டிலும் அதற்கான விதி அச்சாகியிருக்கும். எந்தக் கார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாலும் பார்க்காமலே சொல்வான். அதனால் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

அன்று இறுதி ஆட்டம். வெல்பவருக்குக் கொழும்புப் போட்டியில் இடம். கணேஸ் தன் கையிலிருந்த ‘காவல் நரி’ கார்ட்டைக் கழித்த கார்ட்டுகளோடு போட்டுவிட்டு, புதிதாக இரண்டு எடுக்கக் கை நீட்டினான். எதிரே இருந்த அலவத்துகொட அஸீமா கார்ட் அடுக்கின் மேல் உள்ளங்கையை வைத்து மறித்தாள்.

“வையுங்க. மேசையில ஈக்கிற நரி செத்தாத்தான் ரெண்டு எடுக்கலாம். கையில இருந்து போட்டா இல்ல.” தன்னுடைய நரியை யுகேஷிடம் நீட்டினாள். “இதுல எழுதிப் போட்டீக்கி, பாருங்க நானா.”

வாசித்தான். ‘மேசையிலிருந்து போனால் இரண்டு எடு’ என்றிருந்தது; அவனுக்குத் தெரிந்த வரியில் ‘மேசையிலிருந்து’ என்ற சொல் இல்லை. புது அச்சு. கண்டியில் இந்த விளையாட்டு தொடங்கியபோது இருந்தது ஒரேயொரு பழைய நரி. அதைப் போட்டோகொப்பி எடுத்துத்தான் எல்லாரும் ஆடிப் பழகினார்கள். அவன் மனப்பாடம் செய்ததும் அந்தக் கொப்பியைத்தான். யாரிடம் எந்தக் கார்ட் இருந்தாலும் கடைசியாக அச்சான வாசகமே செல்லும் என்பது விதி.

“என்னாண்ணே முழிக்கிறீங்க?” என்றான் கணேஸ். “காலையிலயும் இதே மாதிரிதான் போட்டேன். எடுடான்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னான்தான். காலையில் கணேஸோடு ஆடியவள் சுகிர்தா. அவள் சந்தேகம் கேட்டபோது, கார்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமலே ‘எடுக்கலாம்’ என்றான். அந்த இரண்டு கார்ட்டில்தான் அவள் தோற்றாள். இப்போது கணேஸின் கதிரைக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறாள்.

இன்னொரு முறை ‘எடுக்கலாம்’ என்றால் போதும். அஸீமா முணுமுணுப்பாள், அவ்வளவுதான். நடுவர் சொன்னால் சொன்னதுதான். உண்மையைச் சொன்னாலோ சுற்றி நிற்கும் இருபது பேரும் அவனைத்தான் பார்ப்பார்கள். நரியை அஸீமாவிடம் திருப்பிக் கொடுத்தான்.

“எடுக்க ஏலாது.”

“அப்ப காலையில?” என்றாள் சுகிர்தா.

“பிழையா சொல்லிட்டேன். பழைய கொப்பியில இருந்ததையே நம்பிட்டேன்.”

“நடுவருக்கே டியூஷன் வைக்கணும் போல!” பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. சுகிர்தா சிரிக்கவில்லை. முடிந்த ஆட்டத்தைத் திருப்ப விதியில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

“இப்ப சொல்லி எனக்கு என்னாண்ணா?” பையை மாட்டிக்கொண்டு குண்டசாலை பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள். படிகளில் செருப்புச் சத்தம் ஓயும்வரை யுகேஷ் வாசலையே பார்த்திருந்தான்.

ஆட்டம் தொடர்ந்தது. சற்று நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கணேஸ் வேறொரு கார்ட்டைக் காட்டினான். “இதாவது சரியா?”

யுகேஷுக்கு அந்தக் கார்ட் தலைகீழ்ப் பாடம்.

“குடுங்க, வாசிச்சுட்டுச் சொல்றேன்,” என்றான். கார்ட்டை வாங்கி, முதல் சொல்லிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.