அப்பாவுக்குக் கேட்காத சைரன்

அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதை நான் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் தெரிந்துகொண்டேன். அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். செருப்பு வாங்கிக்கொண்டு அவருடைய பைக்கில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் சேத்தியாத்தோப்பு பஸ் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அப்பா ஒதுங்கவில்லை. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தார். கடைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா நடுரோட்டில், செருப்புக்கு நல்ல தோல் போட்டிருக்கிறான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நான் அவர் தோளில் ஓங்கி அடித்த பிறகுதான் வண்டி இடது பக்கம் இறங்கியது. பஸ் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது.

"என்ன அவசரமோ இவனுங்களுக்கு" என்றார்.

"ரொம்ப நேரமா ஹாரன் அடிச்சாங்கப்பா."

"சரி சரி" என்றார். நான் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அடுப்படியில் சொன்னேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா அப்படித்தான்."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"போனா கம்பெனி மெடிக்கல்ல எழுதிடுவாங்க. வேலைக்கு அன்ஃபிட்னு போட்டுட்டா அப்புறம் என்ன பண்றது? நீ வெளிய மூச்சு விடாத. ஸ்கூல்ல கூட யார்கிட்டயும் சொல்லிடாத."

அதன் பிறகுதான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பேசுகிறவர்களின் உதட்டை விட்டு அவர் கண் நகராது. எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில் சிரிப்பார். கேட்க வேண்டியிருக்கும் இடங்களில் தானே நிறையப் பேசிவிடுவார். டி.வி.யில் செய்தி ஓடும்போது கீழே வரும் எழுத்துகளைப் படித்துவிட்டு, செய்தி கேட்டது போல எங்களிடம் சொல்லுவார். இதையெல்லாம் அவருடைய சுபாவம் என்றே நான் நினைத்திருந்தேன்.

அப்பா விருதுநகர் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் இங்கே வேலைக்கு வந்தவர். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. வெட்டிய மண்ணும் கரியும் சுரங்கக் குழிக்குள்ளிருந்து மேலே வருகிற பெல்ட் அது. கிலோமீட்டர் கணக்கில் நீளம். அவருக்குக் கீழே எட்டுப் பேர். அந்தச் சத்தத்துக்குக் காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த அடைப்பை வருஷக்கணக்காகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். அதை மாட்டினால் ஆட்கள் பேசுவது கேட்காது என்பது அவர் கட்சி. காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கே எங்கள் பிளாக் முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். குளித்துத் திருநீறு பூசி, துவைத்த யூனிஃபார்மில், ஆபீஸுக்குப் போகிறவர் போலத்தான் குழிக்குப் போவார். சாயங்காலம் காய்கறி வாங்குவதும், எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதும், குவார்ட்டர்ஸ் பின்பக்கம் இருந்த முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர் உண்டு.

அந்தச் சிநேகிதர் அதே எட்டுப் பேரில் ஒருவர். உள்ளூர்க்காரர், மந்தாரக்குப்பத்தில் வீடு. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், அதனால் எனக்கு அவர் மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்தார். அம்மா காபி போட உள்ளே போனதும் நான் நேராகக் கேட்டேன்.

"மாமா, அப்பாவுக்குக் காது கேக்காதது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். பெல்ட் நின்றிருக்கும்போது அடியில் சேர்ந்த மண்ணை வாருவார்களாம், பெல்ட்டைத் தாங்குகிற ரோலரை மாற்றுவார்களாம். மறுபடி ஓட விடுவதற்கு முன்னால் சைரன் அடிக்கும். அடித்தவுடன் எல்லோரும் விலகி வந்துவிட வேண்டும்.

"அது அடிச்சதும் நா ஒங்கப்பன் தோள்ல தட்டுவன். எப்பவும் பக்கத்துலயேதான் நின்னுகினு இருக்கறன். நீ பயப்படாத பாப்பா."

அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குப் பயம் வந்தது.

அந்த மாதம் அப்பாவுக்கு வழக்கமான மெடிக்கல் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துத் தள்ளிப் போட்டார். மறுபடி வந்தபோது ஊரில் சாவு என்று எழுதினார். ஊரில் யாரும் சாகவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர், அந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துக் கிழித்து எழுதியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை பார்த்தார்.

அதன் பிறகு மாமாவுக்கு வேறு ஷிப்ட் போட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து அவர் இரண்டாம் ஷிப்ட், அப்பா காலை ஷிப்ட். அப்பா இதைச் சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மாவின் கை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றது.

"லீவு போடுங்களேன், ஒரு வாரம்."

"என்ன?"

"லீவு."

"எதுக்கு லீவு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவின் பஸ் வரும் நேரத்துக்கு அம்மா வாசலில் வந்து நிற்பார். ஏதோ கேட்டுக்கு எண்ணெய் விடுகிறவர் போல, கோலப்பொடி டப்பாவைத் தேடுகிறவர் போல. பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு தலையாக இறங்கும். அப்பாவின் தலை தெரிந்ததும் உள்ளே வந்துவிடுவார். நான் வகுப்பில் இருக்கும்போது எங்கேயாவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிடுவேன்.

வியாழக்கிழமை அப்பா வந்தபோது வலது கைச் சட்டை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்திருந்தது. கையில் நீளமாகச் சிராய்ப்பு.

"ஆணி மாட்டிக்கிச்சு" என்றார்.

அம்மா சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணி நேராகக் கிழிபடவில்லை. ஏதோ பிடித்து இழுத்ததில் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. ஊசி நூல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அதைத் தைத்தார். மறுநாள் காலை அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பியபோது நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மந்தாரக்குப்பத்துக்கு விட்டேன். அன்று மாமாவுக்கு வார ஓய்வு. வீட்டு வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை கிழிந்ததைச் சொன்னேன். துணியைக் கீழே போட்டார்.

"நீங்க ஆபீஸ்ல சொல்லுங்க மாமா."

"நா கேட்டு பாத்துட்டன், அந்த ஷிப்ட்டுக்கே போட சொல்லி. ஆவாதுன்னுட்டாங்க. ஏன் கேக்கறன்னு கேட்டாங்க. என்னான்னு சொல்லுவன்? இத்தினி வருசம் ஒண்ணா சோறு துன்னவனக் காட்டிக் குடுக்க எனக்கு வாய் வர்ல பாப்பா."

"அப்ப நான் சொல்றேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "போறதுன்னா இன்னிக்கே போ. நாளிக்கும் அவன் பெல்ட்டுக்குப் போவணும்" என்றார்.

அப்பாவின் பிரிவு இன்ஜினியர் வேறொரு பிளாக்கில், தோட்டம் வைத்த பெரிய குவார்ட்டர்ஸில் இருந்தார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடிவிட்டு வந்தார்.

"நீ இங்க வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். சொல்லிடாதீங்க சார்."

"சொல்ல மாட்டேன்."

"அப்பாவுக்கு வேலை போயிடுமா சார்?"

"அத என்னால இப்ப சொல்ல முடியாதும்மா. ஆனா நாளைக்கு அவர் பெல்ட்டுக்குப் போக மாட்டார்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஒரு ஜீப் அப்பாவை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. மெடிக்கலுக்கு அனுப்பிவிட்டார்களாம், திங்கட்கிழமை மறுபடி வரவேண்டுமாம். அப்பா ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரோ சொல்லியிருக்காங்க" என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. "வேற யாரு? ஒருத்தருக்குத்தானே தெரியும்" என்றார்.

அப்பா மெதுவாகத் தலையாட்டினார். நான் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வேலை போகவில்லை. குழியில் இறங்கக் கூடாது என்று எழுதி ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற இடம். எட்டுப் பேரை வேலை வாங்கியவர் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவருக்கு அது தண்டனையாகவே பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பா கேட்டைத் திறக்கவில்லை.

"எதுக்கு வந்த?"

"பாத்துட்டுப் போலாம்னுதான் மச்சான்."

"பாத்துட்டல்ல. போ."

மாமா அப்பாவின் தோளுக்கு மேலாக, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர், "செரி மச்சான்" என்று வண்டியைத் திருப்பினார். தெரு முனை போகும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லாதது இரண்டு வருஷம் நீண்டது.

அந்த இரண்டு வருஷமும் அப்பா மாமாவின் பெயரை எடுக்கவில்லை. நான் கடலூரில் காலேஜில் சேர்ந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட நினைத்து, சொல்லாமலே பஸ் ஏறுவேன். அப்பா காது மெஷின் வாங்கிக்கொண்டார். வெளியே போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார்.

இரண்டாம் வருஷம் லீவில் வந்திருந்தபோது ஃபோன் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. மாமாவின் பெண்ணுக்கு சேத்தியாத்தோப்பு மண்டபத்தில் கல்யாணம். அத்தை தனியாக வந்து கொடுத்துவிட்டுப் போனாராம். முகூர்த்தம் அன்றைக்குக் காலை ஒன்பதிலிருந்து பத்தரை.

"போகலையாம்மா?"

"யாரு போறது? அப்பா அதத் தொடவே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்பதரை. அப்பா பின்பக்கம் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காதில் மெஷின் இல்லை. அவர் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, ஆபீஸ்ல சொன்னது நான்தான்."

"என்ன?"

"உங்க காது விஷயத்த நான்தான் சொன்னேன்."

"காதுல மாட்டல. மெதுவா பேசினா கேக்காது."

மெதுவாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்திருந்தேன். இப்போது கத்தினேன். "மாமா சொல்லல. நான்தான் சொன்னேன். நான்தான் இன்ஜினியர் வீட்டுக்குப் போனேன்." பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா வாளியைக் கீழே வைத்தார். என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போல. பிறகு உள்ளே போனார். அடிப்பாரோ, அழுவாரோ என்று தெரியாமல் நான் வாளிப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வெள்ளை வேட்டியும் சட்டையும் மாட்டிக்கொண்டு மெஷினை வைத்துக்கொண்டு வந்தார். பைக்கைக் கிளப்பி, "ஏறு" என்றார்.

இவ்வளவு வேகமாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடித்திருந்தார்கள். மாமா பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் வாளியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஏன்யா நீ சொல்லல?" என்றார் அப்பா.

மாமா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பன்னண்டாவது படிச்சுகினு இருந்த புள்ள. அது மேல கோவத்த வெச்சிகினு ஒரே வூட்ல நீ எப்பிடி சோறு துன்னுவ? எம்மேல வெச்சிகினின்னா எனக்கொண்ணும் ஆவப்போறதில்ல. வா, சாப்புடு."

அப்பா உட்கார்ந்து சாப்பிட்டார். மாமா அவருக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றினார். மொய்க் கூட்டத்தின் இரைச்சலில் இருவரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

"அன்னிக்கு சட்டை ஆணில மாட்டல" என்றார். "ரோலர்ல மாட்டுச்சு. பெல்ட்டு கிளம்பினது எனக்குத் தெரியவே இல்ல. ஒரு பையன் ஓடி வந்து இழுத்தான். காது விஷயம் அவனுக்குத் தெரியாது, நான் அசந்துட்டேன்னு நினைச்சான். அவன யார்கிட்டயும் சொல்லாதன்னுட்டேன். நீ சொன்னது தப்பில்ல."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் முடிக்கவில்லை.

"ஆனா ரெண்டு வருஷம் அவன அப்படி நிக்க வச்சியே. அது தப்பு. அத நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகும் அப்பா அதைச் சரியென்று சொல்லவில்லை. ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மாமா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துப் போனார்கள். அப்பா என்னோடு பழையபடிதான் இருந்தார். என் கல்யாணத்தில் சந்தோஷமாக ஓடியாடினார். என் மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். போன வருஷம் ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அம்மாவும் நானும் அவருடைய துணிகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கல்யாணத்தன்று நான் கத்தியதைப் பற்றி அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்கிட்ட கூட சொல்லலியேடி நீ" என்றார்.

"சொன்னா விட்டிருக்க மாட்டீங்கம்மா."

அம்மா யோசித்தார். "விட்டிருக்க மாட்டேன்தான்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வேட்டியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இருவருமாகச் சேர்ந்து அதை உதறி மடித்தோம்.