அப்பா பிசைந்த சோறு

எண்பதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ராஜபாளையத்து நூல் மில்லைப் பூட்டிவிட்டார்கள். இன்று திறப்பார்கள், நாளை திறப்பார்கள் என்று கேட் முன்னால் போய் நின்றோம். பிறகு நிற்பதையும் விட்டோம். என் மனைவி பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டிலிருந்து, நான் போய்க்கொண்டிருந்த அதே காலை பஸ்ஸில் அவள் போனாள். நானும் ஒன்றரை வயது மகளும் வீட்டில்.

எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

மனைவி கிளம்பும்போது சொல்வாள். "பாசிப்பருப்பையும் அரிசியையும் ஒண்ணாப் போட்டு கொழைய விடுங்க. ஒரு துண்டு பூசணிக்கா, மஞ்சப்பொடி, அம்புட்டுதான். பிள்ளைக்கு எடுத்து வச்சுட்டு, பொறவு நமக்குத் தாளிங்க."

கறி, மீனெல்லாம் மில் பூட்டியதோடு நின்றுபோயிருந்தது. பருப்பு, தண்டங்கீரை, அவித்த சீனிக்கிழங்கு, கேப்பைக் கூழ். இவைதான் மாறி மாறி. நான் சமைத்ததில் பாதி அடிப்பிடித்தது. மகள் ஒரு வாய் வாங்குவாள், நாக்கால் வெளியே தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். காக்கா காட்டினேன், பாட்டுப் பாடினேன், அதட்டினேன். அதட்டினால் நானும் சேர்ந்து அழுதுவிடுவேன் போலிருந்தது.

ஒருநாள் எனக்கென்று பச்சைமிளகாய்த் துவையல் அரைத்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் அவள் சோற்றைப் பிசைந்துவிட்டேன். வாயில் வைத்ததும் வீறிட்டாள். கண்ணீரைத் துடைக்கப் போய் அந்தக் கையைக் கண்ணிலும் வைத்துவிட்டேன். குழந்தை துடித்தாள். தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்து நின்றேன். யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு அக்கா இருந்தார். அவர்தான் ஓடிவந்து குழந்தையை வாங்கினார்.

"என்ன தம்பி, மிளகா அரைச்ச கையா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் தண்ணீரை வார்த்துக் கண்ணைக் கழுவினார். மோரைப் புகட்டினார். அழுகை அடங்கியதும், தன் வீட்டுச் சோற்றில் கொஞ்சம் பருப்பு விட்டு மசித்து, "தினு, தினு" என்று உருட்டி ஊட்டினார். மகள் வாயைத் திறந்தாள். அதே பருப்பு, அதே அரிசி.

"செத்த நேரம் பசிக்க விடுங்க தம்பி. நீங்க பயந்துக்கிட்டே ஊட்டுதீக. பிள்ளைக்குத் தெரியாதா?"

மறுநாளிலிருந்து நானும் "தினு" என்றேன். என்ன காரணமோ, மெல்ல மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் என் மடியில் உட்கார்ந்து கீரைச்சோறு முழுவதும் வாங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் சாயங்காலம் மனைவி களைத்து வந்து, கைகால் கழுவி, ஆசையாகத் தட்டோடு உட்காருவாள். மகள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். "அப்பா" என்று என் பக்கம் கையை நீட்டுவாள். வாங்கி நான் ஊட்டினால் மனைவி முகம் வாடிப்போகும். வாங்காவிட்டால் பிள்ளை பட்டினி. எதைச் செய்தாலும் தப்பாக இருந்தது.

"நான் அவளுக்கு யாருங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

மில்லைத் திறந்தார்கள். அவள் வேலையை விட்டாள். நான் பஸ் ஏறினேன். மதியம் முழுக்க மகள் வாசலைப் பார்த்தபடி ஒன்றும் தின்னாமல் கிடந்தாள் என்று வந்ததும் தெரியும். மெலிந்துகொண்டே போனாள். நேரங்கழித்து நான் ஊட்டுவேன். மறுநாள் மறுபடி அதே கதை. லீவு போட முடியாது. போட்டால் வேலை போகும்.

ஒரு வாரவிடுமுறை நாளில், நான் வீட்டில் இருந்தும் ஊட்டக்கூடாது என்று பேசிவைத்துக்கொண்டோம். பருப்புச் சோற்றோடு மனைவி எவ்வளவோ கெஞ்சினாள். மகள் வாய் திறக்கவில்லை. கடைசியில் மனைவி தட்டைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கதவோரம் கல்லாய் நின்றேன்.

செத்த நேரத்தில் தட்டு தரையில் உரசும் சத்தம் கேட்டது. மகள் அதைத் தன் பக்கம் இழுத்து, கைநிறைய அள்ளி, பாதியை வாயிலும் பாதியை மடியிலும் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் ஊட்டவில்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

மனைவி என் கையைப் பிடித்தாள். "பேசாம நில்லுங்க. திரும்பிப் பாத்துருவா."