சங்குக்கு ஒரு மாத்திரை

நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். டொக்டரான பிறகு இதை யாரும் கேட்காமலே, கொஞ்சம் உரக்கவே சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வெளியூர்களிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு நம் சனங்களின் பேச்சு பாதிதான் விளங்கும். ஒரு நோயாளி என்ன சொல்கிறார், ஏன் சொல்லத் தயங்குகிறார் என்றெல்லாம் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி விளக்கம் சொல்வேன். அந்தக் கர்வத்தால் நடந்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆஸ்பத்திரி ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் அடையாளம் சொல்ல விருப்பமில்லை.

திங்கட்கிழமைகளில் நரம்பு நோயாளிகளுக்கான கிளினிக் நடக்கும். வலிப்பு, பக்கவாதம், கை கால் நடுக்கம் என்று மலை முழுவதிலிருந்தும் வருவார்கள். அந்த அம்மா கணவரோடு வந்தார். அறுபது வயதிருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கதவிலிருந்து என் மேசைக்கு நடந்து வந்த பத்து அடியிலேயே எனக்கு நோய் தெரிந்துவிட்டது. வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் அசைவில்லை. பார்கின்சன் நோய்.

"கை எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது டொக்டரம்மா," என்றார். "கொழுந்து கொறைய கொறைய கங்காணி சோம்பேறின்னு ஏசுனாரு. ரெண்டு வருசமா ஏச்சு வாங்கித்தான் பேர வெட்டிட்டு வேலையில இருந்து நின்னேன்."

மூளையில் சுரக்க வேண்டிய ஒரு பொருள் குறைந்துபோனதையும், மாத்திரை அதை ஈடுகட்டும் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங் கையால நான் சோறு திம்பேனா? இவரு ஊட்டி விடுறாரு. அக்கம்பக்கம் பாக்குது. வெக்கமா இருக்குங்க."

"திம்பீங்க," என்றேன்.

இந்த மாத்திரையை நேரம் தவறாமல், சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க வேண்டும். நேரத்தை எழுதிக் கொடுத்தேன். கணவர் அந்தக் காகிதத் துண்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மணிக்கூடு பார்க்கத் தெரியாது. வீட்டிலிருந்த ஒரே போன் காலையில் கொழுந்தெடுக்கும் மருமகளோடு மலைக்குப் போய்விடும். நர்ஸ் படம் வரைந்து கொடுக்கலாம் என்றாள். எனக்கோ அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்தது.

"ஒங்க தோட்டத்துல பேக்டரி சங்கு ஊதுமில்ல?"

"ஊதும் டொக்டரம்மா. காலையில, மத்தியானம், அந்திக்கு. மூணு தரம்."

"அப்பச் சரி. சங்குக்கு ஒரு மாத்திரை. சங்கு சத்தம் கேட்டதும் வாயில போட்டுத் தண்ணி குடுத்துறணும்."

அவர் முகம் தெளிந்தது. நர்ஸ் என்னை மெச்சுகிற மாதிரி சிரித்தாள். அன்று தேத்தண்ணி நேரத்தில் இதை மூன்று பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். லயத்தில் பிறந்தவளுக்கல்லவா இது தோன்றும் என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் வருடம் நன்றாகவே போனது. அந்த அம்மா தானே தலை சீவி, கொண்டை போட்டுக்கொண்டு வந்தார். தன் கையால் சாப்பிட்டார். "இப்ப என்னயவே ஏசுறா டொக்டரம்மா, மருந்தக் கொஞ்சம் கொறச்சுக் குடுங்க," என்று கணவர் கேலி செய்வார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரும், ஆனால் முகம் சிரிக்காது. கண் மட்டும் சிரிக்கும்.

இரண்டாம் வருடத்தில் கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் உடம்பு விறைத்துக் கட்டையாக வந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. நோய் முற்றுகிறது என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினேன். அடுத்த மாதமும் அப்படியே. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

"மத்த நாள்ல நல்லாத்தாங்க இருக்கா. இங்க வாரப்பதான் இப்பிடி," என்றார் கணவர்.

"என்னப் பாத்து பயமாக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். வெளியே எண்பது பேர் வரிசையில் இருந்தார்கள். அது சாக்கு அல்ல, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது. பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் ஊதாது. அந்தச் சத்தத்துக்கு எழுந்து பள்ளிக்கூடம் போனவள் நான். ஞாயிறு காலையில் அது இல்லாத சுகத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளும் நான்தான். அப்படியிருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை அந்தி மாத்திரையோடு சரி. ஞாயிறு முழுக்க ஒன்றுமில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் சங்கு ஊதுவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆக, ஒன்றரை நாள் மருந்தில்லாத உடம்பைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் பரிசோதித்தேன். அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இந்த நோயில், வருடங்கள் போகப்போக, ஒரு நாள் மருந்து தவறினாலும் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும்.

கூட்டிய மருந்து மற்ற நாட்களில் தன் வேலையைக் காட்டியது. அந்த அம்மாவுக்கு இல்லாத ஆட்கள் தெரியத் தொடங்கினார்கள். லயத்து அறையான காம்பராவுக்குள் இரண்டு பொம்பளைகள் கூடையோடு, மழையில் தெப்பமாக நனைந்து நிற்கிறார்களாம். துவட்டிக்கொள்ளத் துணி கொடு என்று கணவரை விரட்டுவாராம். அவரும் ஒரு துவாயை எடுத்துக் கட்டிலில் வைப்பாராம். லயத்தில் பேய் என்றார்கள், பூசாரியிடம் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. என்னிடம்தான் வந்தார்.

மருந்து அதிகமானால் இப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மருந்து அதிகமான உடம்பு ஏன் என் முன்னால் மரக்கட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் விளங்கவில்லை. விளங்காதபோது எனக்குக் கோபம் வரும். அது என் பிறவிக் குணம்.

"நீங்களா கூடக் குடுக்குறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். "ஒரே ஒரு நாளுங்க. அவ அசையாமக் கெடந்தா. மனசு கேக்கல. சங்கு ஊதாத நேரத்துல ஒண்ணு குடுத்துட்டேன்."

அது என்ன நாள் என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு கேள்வி. மருத்துவக் கல்லூரியில் முதலில் சொல்லிக் கொடுப்பதே கேட்கத்தான். நான் கேட்கவில்லை. தேடிய குற்றவாளி கிடைத்துவிட்ட வேகத்தில், அத்தனை பேருக்கு முன்னால் அவரை ஏசினேன்.

"மருந்துன்னா வெளயாட்டா? இனிமே சங்கு ஊதாம ஒரு மாத்திரை கூடக் குடுக்கக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க," என்றார். கிளினிக் கொப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மருந்தைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினேன். இரண்டு வாரம் போயிருக்கும். அவர்கள் தோட்டத்துத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கொழுந்தை லொறியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் இது அடிக்கடி நடப்பதுதான். வார்டில் யாரோ பேசிக்கொண்டதை நானும் காதில் வாங்கினேன். தொழிற்சாலை வேலைக்காரர்கள் பாவம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அந்த அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தபோது காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. உடம்பு முழுக்க விறைத்து, வியர்த்து, பேச்சில்லாமல் இருந்தார். மழைக்காலம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், நெஞ்சுச் சளியாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்தோம், ஊசி போட்டோம். மறுநாள் காலையில் சிறுநீர் கறுத்துப் போயிருந்தது. தசை கரைகிறது என்று அர்த்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் இப்படி ஒரு காய்ச்சலும் விறைப்பும் வரும். புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன்.

"மாத்திரை கடைசியா எப்பக் குடுத்தீங்க?"

"சங்கு நின்னதுலேருந்து குடுக்கலைங்க. ஆறு நாளாச்சு. கிளினிக்குக்கு வரயில ஒங்ககிட்டக் கேப்போம்னு இருந்தேன்."

நான் முகத்தை மருந்து மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, மாத்திரையைப் பொடித்துக் கரைத்து விட்டோம். சேலைன் ஏற்றினோம். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். கணவர் கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"இங்க சங்கு இல்லாமலே குடுக்குறீங்களே டொக்டரம்மா?"

"ஆஸ்பத்திரியில வேற மாதிரிங்கய்யா," என்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. விறைப்பும் விட்டது. அந்த அம்மா கண் திறந்து கணவரைப் பார்த்தார். வலது கையை மெல்லத் தூக்கி வாய்ப்பக்கம் கொண்டுபோனார். பசிக்கிறது என்று காட்டினாரா, தன் கையால் சாப்பிடுவேன் என்று காட்டினாரா, தெரியாது. விழுங்கும் தசைகள் இன்னும் சரியாகவில்லை, வாயால் எதுவும் கொடுக்க முடியாது என்று நான் தடுத்துவிட்டேன். காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அன்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

வாயால் எதுவும் கொடுக்காமலே நெஞ்சில் சளி கட்டியது. எச்சிலையே விழுங்க முடியாதபோது அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆறாம் நாள் முற்பகலில் அந்த அம்மா போய்விட்டார். மரணப் பத்திரத்தில் நிமோனியா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தோட்டத்து லொறி வரும்வரை கணவர் வார்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தவறு என்னுடையது என்று சொல்லிவிடத்தான் போனேன். அப்படிச் சொன்னால் என் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று நம்பினேன்.

அவர் முந்திக்கொண்டார். "நா அழுவலைங்க. கடசிக் காலத்துல அவளுக்கு ஒரு கொறையும் வைக்கல. நீங்க ஏசுனதுக்குப் பொறகு நா ரெண்டாந்தரம் அந்தத் தப்பப் பண்ணலைங்க. ஞாயித்துக்கெழமைன்னா அவ கையேந்துவா, மாத்திர குடுய்யான்னு. சங்கு நின்ன பொறகும் அந்த ஆறு நாளும் கையேந்துனா. எனக்கு வயிறெரியும். இருந்தாலும் முடியாதுடின்னு சொல்லிருவேன். கெஞ்சுவா. நா மசியல. நீங்க சொன்னத ஒண்ணு விடாம செஞ்சேன் டொக்டரம்மா. சரியாத்தான செஞ்சேன்?"

கண்ணைத் துடைக்காமல் என்னையே பார்த்தார். நான் உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் மனைவி நீட்டிய அந்தக் கை அவர் கண்ணை விட்டுப் போகாது. அவர் சாகும்வரை போகாது.

"சரியாத்தான் செஞ்சீங்கய்யா," என்றேன்.

அவர் எழுந்து நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.