கோயிலில் சொல்லிவிட்டுப் போன பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், மலேசியாவில் செலாயாங் ஊரைத் தாண்டி இருக்கும் ஒரு காட்டு மலை.

அப்போது நான் மேரு என்ற ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜொகூர், சிங்கப்பூர், கேமரன் மலை என்று வேலை கிடைத்த இடமெல்லாம் இருந்து பார்த்தாயிற்று. எங்கேயும் நிலைக்கவில்லை. கிடங்கில் எல்லாரும் எல்லாரையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் தெரிந்தவர் அங்கே இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

விடுமுறை நாளில் அறைக்குள் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். அதனால் மலையேற ஆரம்பித்தேன், தனியாக. தனியாகப் போகிறவன் எல்லாவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். டார்ச் லைட், கயிறு, கத்தி, மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, விசில், பவர் பேங்க் என்று ஒவ்வொன்றாக வாங்கினேன். கட்டில் காலில் கயிறு கட்டி முடிச்சுப் பழகினேன். ஒருநாள் கடைவீட்டின் பின்புறச் சந்தில் ஈரக் குச்சியில் தீ மூட்டிப் பழகியபோது, கீழ்க்கடை அங்கிள் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். "காட்டுல பொழைக்கிறதுக்கு என் கடையக் கொளுத்துவியா?" என்று அவர் போட்ட சத்தத்தோடு அந்தப் பயிற்சி நின்றது.

அந்த மலையின் அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன முனீஸ்வரர் கோயில் உண்டு. வார நாட்களில் லோரி ஓட்டுகிறவர்தான் ஞாயிற்றுக்கிழமை அங்கே பூசாரி. மோட்டார் சைக்கிளைக் கோயில் வாசலுக்குள் நிறுத்தினேன். சும்மா நிறுத்திவிட்டுப் போக மனம் வராமல் அர்ச்சனைத் தட்டு ஒன்று வாங்கினேன்.

"யாரு பேருக்கு?" என்றார் பூசாரி.

"சாமி பேருக்கே பண்ணிடுங்கண்ணே."

"சாமிக்கு அவரு பேரு தெரியும் லா. உங்க பேரச் சொல்லுங்க."

சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன்.

"நம்பர் பிளேட் இல்லாத லோரி மாதிரில்ல மலையேறப் போறீங்க! சாமி எப்படித் தேடும்?"

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்தார். "அவரு கெடக்குறாரு. தனியாவா போறீங்க தம்பி? எந்தப் பக்கம்? எப்ப இறங்குவீங்க?"

"அருவிப் பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். போகும் வழியையும் வரும் நேரத்தையும் யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அருவிக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் கைத்தொலைபேசியையும் பைக்குள் வைத்து மூடினேன். தண்ணீர் குடிக்கும்போது பை மெல்லச் சரிந்து பள்ளத்துக்குள் உருண்டது. என் பாதுகாப்பு மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. யோசிக்காமல் பின்னாலேயே இறங்கினேன். பாசியில் கால் வழுக்கியது. கீழே ஓடைக்கரையில் போய் விழுந்தபோது வலது கணுக்கால் பிசகியிருந்தது. பை இன்னும் கீழே, எட்டாத இடத்தில் ஒரு வேரில் மாட்டித் தொங்கியது. உயிரைக் காக்க வாங்கிய பையைக் காப்பாற்றப் போய் இந்த நிலைமை.

மழை பிடித்தது. மேலே மழை பெய்தால் அந்த ஓடையில் திடீரென்று வெள்ளம் இறங்கும் என்று எனக்குத் தெரியும். தவழ்ந்து ஒரு பாறைமேல் ஏறினேன். அதற்குமேல் ஏற முடியவில்லை. தண்ணீர் செம்மண் நிறமாக மாறி, பாறையை நனைக்கத் தொடங்கியது.

'தோலோங், தோலோங்' என்று மலாயில் உதவி கேட்டுக் கத்தினேன். பிறகு 'அண்ணே' என்றேன், 'அக்கா' என்றேன். யாரும் வரவில்லை. கத்துவதற்குக்கூட ஒருவருடைய பெயர் என் வாயில் வரவில்லை. வலியைவிட அதுதான் அதிகமாக உறைத்தது. நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கிடங்கில் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். யாரும் தேடமாட்டார்கள். பயமாகக்கூட இல்லை, வெறும் கணக்குப்போல அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், மழைச் சத்தத்துக்கு நடுவே யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரமை என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது. முழுப் பெயர், அர்ச்சனையில் சொன்ன அதே இழுவையோடு.

"இங்கண்ணே!" என்று கத்தினேன்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பூசாரி மேலே நின்றார். கோயிலை மூடும் நேரத்தில் என் மோட்டார் சைக்கிளும் அதில் தொங்கிய தலைக்கவசமும் அப்படியே இருந்ததைப் பார்த்து அவர் மனைவிதான் விரட்டி அனுப்பினாராம். கையோடு கொண்டுவந்த லோரிக் கயிற்றை மரத்தில் கட்டி இறங்கி வந்து, என்னை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் நான் உட்கார்ந்திருந்த பாறையும் கீழே தொங்கிய பையும் தண்ணீருக்குள் போய்விட்டன.

"நட்சத்திரம் இல்லாமலே கெடச்சிட்டீங்க. அடுத்த வாட்டி கேட்டுட்டு வாங்க, ஒவ்வொரு தடவையும் சாமிய இப்படி அலைய விடக்கூடாது லா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

கோயிலில் அவர் மனைவி சூடாக மைலோ கலக்கிக் கொடுத்தார். என் நட்சத்திரம் தெரிந்த ஒரே ஆள் ஈப்போவில் இருக்கும் என் அக்கா. பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கட்டுப்போட்ட காலோடு அறையில் கிடந்தபோது, கீழ்க்கடை அங்கிளின் கைத்தொலைபேசியை வாங்கி, நினைவில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். "என்னடா திடீர்னு நட்சத்திரம்? பொண்ணு பாத்துட்டியா?" என்றார். சிரித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று மூன்று முறை கேட்டார்.

இப்போதும் தனியாகத்தான் மலையேறுகிறேன். விசில் கழுத்தில் தொங்குகிறது, கைத்தொலைபேசி சட்டைப்பையில். ஏறும் முன்பு எந்த மலை, எந்தப் பக்கம், எப்போது இறங்குவேன் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்புகிறேன். 'ம்' என்று பதில் வரும். கீழே வந்ததும் 'இறங்கிட்டேன்' என்று இன்னொன்று. அந்த ஒரு சொல்லுக்காக ஈப்போவில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்புதான், வழுக்கும் பாறையில் இன்றும் என் காலை நிதானமாக வைக்கச் சொல்கிறது.