சூடையின் கைத்திறன் பதினொன்று

பள்ளிமுனைச் சுவேதினியின் கையில் அகப்பட்ட எந்தப் பொருளும் பழையபடி வீடு திரும்பியதில்லை. ஏழு வயதில், வீட்டில் துணி அழுத்தும் அயன்பெட்டியைக் கழற்றினாள். திருப்பிப் பூட்டியபோது இரண்டு ஆணிகள் மிஞ்சின. அயன்பெட்டி மட்டும் முன்னையிலும் நன்றாகச் சுட்டது. அவளுடைய அப்பா பஸ்ரியன் கடற்றொழில் செய்பவர். அன்றிலிருந்து தன் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் அவளை அண்ட விடுவதில்லை.

"இவளிட்டைக் குடுத்தால் அது பறக்கும். எனக்கு ஓடினால் போதும்," என்பார்.

ஆனால் சுவேதினியின் வாழ்க்கையைப் பூட்டியவர்கள் வேறு ஆட்கள். உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கவேண்டும் என்று முடிவெடுத்தவர் அப்பா. படித்து முடித்ததும் மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கொமினிகேசன் கடையில் போட்டோக்கொப்பி அடிக்கும் வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் பேசாலையில் இருக்கும் சின்னம்மா. தலைமயிர் எவ்வளவு நீளம் என்பதுகூட அம்மாவின் கையில்தான். சுவேதினி இதற்காக அழுது வடிகிற ஆள் அல்ல. கொப்பி அடிக்க வந்தவர்களின் குடைக்கம்பியையும் செருப்பு வாரையும் திருத்திக் கொடுத்து, கடைக்காரரிடம் ஏச்சு வாங்கி, வாங்கின ஏச்சை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்கிறவள் அவள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த விளையாட்டு அகப்பட்டது.

அதைக் கொண்டுவந்தவன் றிஷாட். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன், உப்புக்குளத்தில் வீடு. விளையாட்டுக்குத் திரையும் வேண்டாம், பலகையும் வேண்டாம். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தால் போதும். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்வார்: இங்கே மலை, அங்கே பூதம், இப்போது மழை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்த உலகத்தில் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது சரிவருமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள தாயக்கட்டையை உருட்டவேண்டும். விழுகிற எண்ணோடு அந்தப் பாத்திரத்தின் திறமைப் புள்ளியைக் கூட்டினால் விடை வந்துவிடும்.

கதை சொல்வது றிஷாட். அவன் தங்கை றிம்ஷா மந்திரக்காரி. பேசாலைச் சின்னம்மாவின் மகன் றொட்னி வாள்காரன். நாலாவது ஆள் சுவேதினி.

"இருபது புள்ளி தருவன். பலம், வேகம், அறிவு, கைத்திறன், துணிவு. அஞ்சுக்கும் நீயே பிரிச்சுப் போடு," என்றான் றிஷாட்.

"நானேயோ?"

"பின்ன நானோ? உன்ர ஆள்தானே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சுவேதினிக்குத் தலை லேசாகச் சுற்றியது. இரண்டு நாள் அவள் தரையில் நடக்கவில்லை. போட்டோக்கொப்பி மெஷின் வெளிச்சம் ஓடும்போதெல்லாம் மனதுக்குள் புள்ளிகளைக் கூட்டிக் கழித்தாள். ஒருவருடைய அடையாள அட்டையை ஒரு கொப்பிக்குப் பதில் முப்பது கொப்பி அடித்து வைத்தாள். கடைசியில் பாத்திரம் பிறந்தது. முழங்கால் உயரக் குள்ளச்சி, இடுப்பில் பதினாறு சாவி, காதில் ஒரு குறடு. சாமான்கள் செய்வதுதான் அவள் தொழில்: மந்திரக் கயிறு, அணையாத விளக்கு, தானே திறக்கும் பூட்டு. பெயர் சூடை.

"சூடையோ?" என்றான் றொட்னி. "பொரிச்சுச் சாப்பிடுற சூடை மீனோ? என்ர ஆளுக்கு வீரகேசரன் எண்டு பெயர் வச்சிருக்கிறன். பக்கத்தில சூடை எண்டு ஒருத்தி நிண்டால் ஆர் பயப்பிடுவினம்?"

"முள்ளுத் தொண்டையில நிண்டால் நீயும் பயப்பிடுவாய்," என்றாள் சுவேதினி.

அதைவிடப் பெரிய சண்டை புள்ளிகளைப் பார்த்தபோது வந்தது. கைத்திறனுக்குப் பதினொன்று. அறிவுக்கு ஆறு. பலம், வேகம், துணிவு மூன்றுக்கும் ஒவ்வொன்று.

"பலம் ஒண்டா?" றொட்னி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவளால கதவைத் தள்ளவும் ஏலாதே."

"கதவை ஏன் தள்ளோணும்? அதைத் தாங்குற பிணைச்சலைக் கழட்டுவாள்."

முதல் சனிக்கிழமை றிஷாட் வீட்டு மேசையில் ஓநாய்க் கூட்டம் வந்தது. வீரகேசரன் வெட்டினான், மந்திரக்காரி நெருப்பை எறிந்தாள். சூடை ஒரு மரத்துக்குப் பின்னால் குந்தி, மழையில் அணையாத விளக்கு ஒன்றுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். வீரகேசரனுக்கு மூன்று கடி. விளக்கு அருமையாக எரிந்தது. அதன் வெளிச்சத்தில் ஓநாய்களுக்கு வீரகேசரன் இன்னும் தெளிவாகத் தெரிந்தான்.

"இனிச் சரிவராது," என்றான் றொட்னி. அவன் முகத்தில் பகிடி இல்லை. "வாற சனி பூதம் வரும். உன்ர சூடை செய்த சாமான் ஒண்டாவது எங்களைக் காப்பாத்தோணும். இல்லாட்டி அந்தத் தாளைக் கிழிச்சுப்போட்டு வாள்காரி ஒருத்தியை எழுது. நாங்கள் ரெண்டு பேரும் செத்துக்கொண்டிருக்க நீ திரி போட்டுக்கொண்டிருக்கேலாது."

சுவேதினி றிஷாட்டைப் பார்த்தாள். அவன் தாயக்கட்டையைப் பார்த்தான். றிம்ஷா மெதுவாக, "அவன் சொல்றதிலயும் நியாயம் இருக்கு," என்றாள்.

சுவேதினி ஒப்புக்கொண்டாள். அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போதுதான் யோசித்தாள். பிறந்ததிலிருந்து அவள் தானாகத் தேர்ந்தெடுத்த ஒரே ஆள் சூடை. அவளையும் யாரோ சொல்லி மாற்ற வேண்டுமா? வர்த்தகம் படித்தது போதாதா?

அடுத்த சனிக்கிழமைக்கு அவள் தயாராக வந்தாள். திட்டம் பழுதில்லாதது. தானே விரிந்து தானே இறுகும் மந்திர வலை. பூதத்தின் தலையில் விழுந்தால் போதும், பொதி கட்டினமாதிரிக் கட்டிவிடும். அதைச் செய்ய நாலு நாள் வேலை வேண்டும்.

றிஷாட் கதையைத் தொடங்கினான். "ஊருக்குள்ள வாறீங்கள். இண்டைக்கு வியாழன். திங்கள் விடியப் பூதம் மலையால இறங்கி ஊரை மிதிக்கும்."

"வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அளவா நாலு நாள்," என்றாள் சுவேதினி. சிரிப்பு காதுவரை போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை ஆரடி பட்டறை திறக்கிறது?" என்றாள் றிம்ஷா.

"ஓம், அது சரி," என்று சுவேதினி வெள்ளியை வெட்டினாள்.

"ஞாயிறும் ஏலாது," என்றான் றொட்னி.

"ஓம் என்ன," என்று அதையும் அவளே வெட்டினாள். வெட்டிய பிறகுதான் தாளைப் பார்த்தாள். வலை பாதியாகிப் போயிருந்தது.

அந்த உலகத்தில் ஒரு பள்ளிவாசல் கிடையாது. மாதா கோயிலும் கிடையாது. இரண்டு சந்திரனும் பேசுகிற காளானும் இருக்கிற இடம் அது. ஆனால் வெள்ளிக்கிழமை வள்ளம் இறங்காத ஊரில் இரண்டு பேரும், ஞாயிற்றுக்கிழமை வலை தொடாத ஊரில் இரண்டு பேரும் வளர்ந்திருந்தார்கள். உலகம் எதுவானாலும் கிழமை கிழமைதான் என்பதில் நாலு பேருக்கும் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

சூடை வியாழனும் சனியும் வேலை செய்தாள். வலை விரியும், ஆனால் இறுகாது. ஞாயிறு வந்தது. மூன்று பாத்திரங்களும் ஊர் மடத்தில் சும்மா இருந்தார்கள். றொட்னி கதிரையில் சாய்ந்து, "வாள்காரிக்கு என்ன பெயர் வைப்பம்?" என்று கேட்டான்.

சுவேதினி தாளில் வெட்டிய இடத்தைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"றிஷாட், இண்டைக்குப் பூதம் என்ன செய்யும்?"

"எந்தப் பூதம்?"

"எங்கட பூதம். ஞாயிறுதானே. அதுக்கும் லீவோ இல்லையோ?"

றிஷாட்டின் வாய் திறந்தபடி நின்றது. அவன் வாசல் காவலர் இரண்டு பேரையும் மூன்று வாய் நாயையும் எழுதிவைத்து, நாய்க்குப் படமும் கீறியிருந்தான். "லீவுதான்," என்றான் கடைசியில், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவன் மாதிரி.

"காவல்காரர்?"

"அவையளும் வீட்டை."

"நாய்?"

"நாய்க்கு என்னடி ஞாயிறு," என்று அவன் சொல்லிப் பார்த்தான். மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். "சரி, நாய் படுத்திருக்கு."

றொட்னி எழும்பியே விட்டான். "அப்ப இப்பவே போவம். படுக்கையில வச்சு வெட்டுவம்."

"நீ வெட்டேலாது," என்றாள் றிம்ஷா. "வாள்காரனுக்கு வெட்டுறதுதானே தொழில். இண்டைக்குத் தொழில் இல்லை."

"அப்ப போய் என்ன செய்யிறது?"

"ஞாயிற்றுக்கிழமை ஒருத்தற்ற வீட்டை போனால் என்ன செய்வினம்? கதைச்சுக்கொண்டு இருந்திட்டு வருவினம்," என்றாள் சுவேதினி. "வெறுங்கையோட போகேலாது. ஒரு பிஸ்கட் பெட்டி வாங்குங்கோ."

இப்படியாக, பூதத்தைக் கொல்லப் புறப்பட்ட படை பிஸ்கட் பெட்டியோடு மலையேறியது. படுத்திருந்த நாயைத் தாண்டினார்கள். றிம்ஷா சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள். றிஷாட் மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தான். சண்டைக்கு எல்லாம் எழுதியிருந்தான். விருந்தினருக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

"பூதம் கட்டில்ல கிடக்கு," என்று இழுத்தான். "நித்திரை கொள்ளப் பாக்குது. ஏலாமல் கிடக்கு."

"ஏன் ஏலாது?"

வெளியே சோழகக் காற்று ஓங்கி வீசியது. அவர்கள் இருந்த அறையின் யன்னல் கதவு படாரென்று அடித்தது. றிஷாட் அதைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"யன்னல்," என்றான். "பிணைச்சல் உடைஞ்ச யன்னல். காத்துக்கு நாள் முழுக்க அடிக்குது. நித்திரை இல்லாத விசரிலதான் அது திங்கள் திங்கள் ஊருக்கு இறங்கி மிதிக்கிறது."

சுவேதினியின் கை தானாகவே தாயக்கட்டையை எடுத்தது. "சூடை திருத்துறாள்."

"வை கட்டையை," என்றான் றொட்னி. "நான் வெட்டேலாது எண்டால் அவள் திருத்தவும் ஏலாது. அவளுக்கு அதுதான் தொழில்."

சரியான பேச்சு. சுவேதினி கட்டையை மேசையில் வைத்தாள். யன்னல் இன்னொரு தரம் அடித்தது. சூடையின் தாளில் விரலை வைத்தபடி, றொட்னியை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"றொட்னி, ஞாயிறு உங்கட பேசாலையில படகு இறங்கவே இறங்காதோ?"

"இறங்காது."

"ஒருநாளும்?"

றொட்னி தாடையைச் சொறிந்தான். அவன் சண்டைக்காரன்தான், ஆனால் பொய் சொல்ல வராது.

"கடலுக்குப் போன ஆள் திரும்பேல்லை எண்டால் இறங்கும்," என்றான். "பூசை நடந்துகொண்டிருந்தாலும் இறங்கும். அப்பாவே பாதியில எழும்பிப் போனவர். அதுக்குத் தொழில் எண்டு ஆரும் சொல்லமாட்டினம்."

"ஊர் மிதிபடப் போகுது. பூதமும் பாவம், நித்திரை இல்லை."

"ம்," என்றான் றொட்னி. அந்த 'ம்' வெளியே வர அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. "சரி. காசு வாங்கக்கூடாது."

"வாங்கேல்லை."

"ஆனால் அது தென்னை உயர யன்னல்," என்று றிஷாட் குறுக்கிட்டான். "சூடைக்குப் பலம் ஒண்டு. அவள் தூக்கேலாது."

எல்லாரும் றொட்னியைப் பார்த்தார்கள். அவன் பெருமூச்சு விட்டான். "வீரகேசரன் தோள்ல தாங்குவான்," என்றான். வாளை விட்டு யன்னலுக்கு முட்டுக்கொடுத்து நின்ற முதல் வீரன் அவனாகத்தான் இருக்கும்.

பிணைச்சலுக்கு இரும்பு இல்லை. சூடை தன் பாதி வலையை எடுத்தாள். இறுகாத மந்திரக் கயிறு. இழுத்தால் விரியும், விட்டால் மெதுவாகத் திரும்பும். வலையாக அது ஒன்றுக்கும் உதவாது. கதவு அடிக்காமல் மெத்தென்று மூடவேண்டுமென்றால் அதைவிட நல்ல சாமான் கிடையாது. சுவேதினி இதை மேசையில் ஒரு கைலேஞ்சித் துணியை வைத்து மடித்து மடித்துக் காட்டினாள். கண்கள் பளபளத்தன, பேச்சு மூச்சு வாங்காமல் ஓடியது. றிஷாட் கேட்டுவிட்டு, "பதினைஞ்சு வேணும்," என்றான்.

அவள் கட்டையை உள்ளங்கைக்குள் குலுக்கினாள். உருட்டினாள். அது மேசை விளிம்புவரை ஓடி, தேநீர்க் கோப்பையில் முட்டி நின்றது.

நாலு.

றிம்ஷா முகத்தைப் பொத்தினாள். சுவேதினி நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாள்காரிக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

"நாலும் பதினொண்டும்?" என்றான் றொட்னி.

றிம்ஷா விரலிடுக்கால் அவனைப் பார்த்தாள்.

"உங்களைத்தான் கேக்கிறன். நாலும் பதினொண்டும் எவ்வளவு? வர்த்தகம் படிச்சவள் சொல்லு."

"பதினைஞ்சு," என்றாள் சுவேதினி. சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. வேறு யாருடைய பாத்திரம் அந்தக் கட்டையை உருட்டியிருந்தாலும் யன்னல் வீரகேசரனின் தலையில் விழுந்திருக்கும்.

றிஷாட் கதிரையில் ஏறி நின்று பூதத்தின் குறட்டையை விட்டான். அது அவ்வளவு பயங்கரமாக இருந்ததால் அவன் உம்மா ஆமினா கையில் அகப்பையோடு ஓடி வந்தார்.

"ஆருக்கு வருத்தம்? மூச்சு இழுக்குதோ?"

"ஒருத்தருக்கும் இல்லை அன்ரி. பூதம் நித்திரையாப் போச்சுது," என்றாள் சுவேதினி.

ஆமினா நாலு பேரையும் ஒரு தரம் பார்த்தார். "சத்தம் போடாதீங்கோ அப்ப," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் யாராலும் விளையாட முடியவில்லை; ஆளாளுக்குச் சூடையிடம் சாமான் கேட்டார்கள். றிம்ஷா மந்திரக்கோலுக்குள் குடை வைக்கலாமா என்று கேட்டாள். றிஷாட் கதை சொல்பவனாக இருந்தும் வெட்கமில்லாமல் பூதத்துக்கு ஒரு தலையணை கேட்டான். றொட்னி மட்டும் சூடையின் தாளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, சுருக்கம் விழுந்த மூலையை நகத்தால் நீவிக்கொண்டிருந்தான்.

"இஞ்ச பார், கடி படாத சட்டை ஒண்டு செய்வாளோ இவள்?" என்றான், யாரையும் பார்க்காமல்.

"ஆருக்கு?"

"எனக்குத்தான். வீரகேசரனுக்கு."

"எழும்பு," என்றாள் சுவேதினி. தையல் பெட்டியிலிருந்து றிம்ஷா அளவு நாடாவை எடுத்து எறிந்தாள். கற்பனை வீரனுக்கு எதற்கு உண்மையான அளவு என்று யாரும் கேட்கவில்லை. றொட்னி இரண்டு கையையும் விரித்து நின்று, வயிற்றை உள்ளே இழுத்து, நெஞ்சை முன்னே தள்ளினான்.

"மூச்சை விடு," என்றாள் அவள், நாடாவைச் சுற்றிப் பிடித்தபடி. "உள்ள அளவுக்குத்தான் தைப்பன்."